மறு: [கலைச்சொல்] சுடாமல் தின்னும் குக்கீ மாவுக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையைத் தொடங்கியவள் நான்தான். மூன்று நாளில் இத்தனை பதில்கள் வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. இடையில் சேர்ந்தவர்களுக்காகப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நியூ ஜெர்சியில் எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக அடுப்பில்லாச் சமையல் கையேடு ஒன்று தயாரிக்கிறோம். பிள்ளைகளே கேட்டுச் சேர்த்த பண்டம் குக்கீ மாவு. குக்கீ சுடுவதற்காக வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த மாவைச் சுடாமலே கரண்டியால் அள்ளித் தின்பது அமெரிக்காவில் வளரும் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. ஐஸ்கிரீமில் உருண்டையாக வருகிறது, கோப்பையில் போட்டும் விற்கிறார்கள். அப்படித் தின்பதற்கென்றே செய்யும் மாவுக்கு ஒரு சொல், அதில் சேர்க்கும் வெப்பமூட்டிய கோதுமை மாவுக்கு ஒரு சொல். நான் கேட்டது இந்த இரண்டைத்தான்.

> "கிருமிநீக்கிய மாவு" என்றே போட்டுவிடலாம். யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

ஐயா, என் முதல் வரைவிலும் இதே சொல்தான் இருந்தது. அதைப் படித்த ஒரு தாய் என்னிடம், "அப்படியென்றால் வாணலியில் ஐந்து நிமிடம் வறுத்தால் கிருமி போய்விடும், இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்ததும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். வீட்டில் வறுத்த மாவுக்கு அந்தப் பெயரை வைத்தால், நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறோம்.

கோதுமை மாவு சமைத்த பொருள் அல்ல. வயலில் நிற்கும் கோதுமையில் பறவை, மான், மாடு இவற்றின் எச்சம் படலாம். ஆலையில் அரைப்பதும் சலிப்பதும் நிறம் வெளுப்பதும் கிருமியைக் கொல்லாது. 2009இல் அமெரிக்காவில் கடைக் குக்கீ மாவைச் சுடாமல் தின்றவர்களுக்கு ஈ.கோலை ஓ157 என்ற குடல் கிருமியின் தொற்று வந்தது. 30 மாநிலங்களில் 70 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். சுடாத மாவு என்றாலே எல்லாரும் முட்டையைத்தான் சந்தேகிப்போம். ஆனால் அதில் போட்ட முட்டை பாஸ்டர் பதனம் செய்தது, அதாவது அளவாகச் சூடாக்கிக் கிருமியைக் கொன்றது. ஆய்வாளர்களின் சந்தேகம் கோதுமை மாவின் மேல் திரும்பியது, உறுதியாக நிறுவத்தான் முடியவில்லை. 2016இல் அதுவும் நடந்தது. 24 மாநிலங்களில் 63 பேர் நோயுற்றார்கள், நோயாளிகளின் வீட்டில் இருந்த மாவுப் பையிலேயே ஈ.கோலை கிடைத்தது. இந்த வகை ஈ.கோலை சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. நம் கையேட்டைப் படிக்கப்போவது அவர்களுடைய பெற்றோர்.

சரி, வறுத்தால் என்ன? இணையத்தில் உள்ள குறிப்புகள் பலவும், மாவைத் தட்டில் பரப்பி ஓவன் அடுப்பில் வைத்து 74 பாகை செல்சியஸ் வந்ததும் எடுத்துவிடலாம் என்கின்றன. 74 பாகை என்பது கோழிக்கறிக்குச் சொல்லும் கணக்கு. கறியில் நீர் நிறைய உண்டு, மாவில் மிகக் குறைவு. நீரில்லாத இடத்தில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் காய்ந்து, சூட்டைத் தாங்கும் நிலைக்குப் போய்விடுகின்றன. உயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும்: கண்ணாடிக் கலங்களில் ஒரு நுண்ணுயிரும் மிஞ்சாமல் செய்ய, அழுத்த நீராவியில் 121 பாகையில் 15 நிமிடம் போதும். உலர்ந்த அடுப்பில் வைத்தால் 160 பாகையில் 2 மணி நேரம் வேண்டும். மாவு நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்றாலும், ஈரச் சூடும் உலர் சூடும் ஒன்றல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. போதாததற்கு, தட்டில் பரப்பிய மாவு ஒரே சீராகவும் சூடேறாது. ஓரம் கருகும்போது நடு வெதுவெதுப்பாக இருக்கும். வீட்டில் செய்யும் வெப்பமூட்டல் எல்லாக் கிருமிகளையும் கொல்லும் என்று நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே சொல்கிறது. வெப்பநிலை, நேரம், ஈரம் மூன்றையும் அளந்து, கிருமி எவ்வளவு குறைந்தது என்று சோதித்துப் பார்த்துச் செய்வது ஆலையில்தான் முடியும்.

ஆகவே நமக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். ஆலையில் சோதித்துச் செய்தது "வெப்பப் பதன மாவு". பதனிடுதல் தோலுக்கும் மீனுக்கும் வழங்கும் சொல், பாஸ்டர் பதனம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது, அதனால் புதிதாக யாருக்கும் உறுத்தாது. வீட்டில் வாணலியிலோ ஓவன் அடுப்பிலோ சூடாக்கியது வெறும் "வறுத்த மாவு". மணம் வந்தது, நிறம் மாறியது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் உறுதி கூறவில்லை. நமக்கு வேண்டியதும் அந்த அடக்கம்தான்.

> பச்சை மாவு, வறுத்த மாவு என்று நம் வீடுகளில் சொல்வதே போதாதா? எதற்கெடுத்தாலும் புதுச்சொல் செய்ய வேண்டுமா?

உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு, அம்மா. பாதி இடத்துக்குப் போதும் என்றே நானும் நினைக்கிறேன். இடர் "மாவு" என்ற சொல்லில் இருக்கிறது. அரிசி மாவு என்றால் உலர்ந்த பொடி, சப்பாத்தி மாவு என்றால் பிசைந்த உருண்டை, இட்லி மாவு என்றால் கரைத்து ஊற்றுவது. மூன்றையும் ஒரே சொல்லால் அழைத்து, முன்னால் வரும் சொல்லைக் கொண்டு பிரித்தறிகிறோம். சமையலறையில் இதனால் ஒரு குழப்பமும் வராது. கையேட்டில் "மாவை வறுத்து மாவில் சேர்க்கவும்" என்று எழுதும்போதுதான் தடுக்கிறது. அதனால் பொடியை "மாவு" என்றும் வெண்ணெய் சேர்த்துக் குழைத்ததைப் "பிசைந்த மாவு" என்றும் கையேடு முழுக்க ஒரே மாதிரி எழுதப்போகிறேன்.

"பச்சை" அருமையான சொல், அதை விடவே கூடாது. பச்சை முட்டை, பச்சைப் பால், பச்சை வாசனை போக வதக்குவது, பச்சரிசிக்கு எதிராகப் புழுங்கலரிசி. சூடு படாதது என்ற பொருளை அது ஒரே வீச்சில் சொல்லிவிடுகிறது. கையேட்டின் எச்சரிக்கை வரி "கோதுமை மாவும் பச்சைப் பொருள்தான்" என்று தொடங்கும். இதைவிடச் சுருக்கமாக எனக்கு எழுத வரவில்லை.

நம்மிலும் சுடாமல் தின்னும் மாவு உண்டு என்பதை ஒருவர் நினைவூட்டினார். ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பிசையும் மாவிளக்கு மாவு, முருகனுக்குப் படைக்கும் தேனும் தினைமாவும். என் பாட்டி மாவிளக்கை மலையேற்றிய பிறகு நெய் படிந்த நடுப்பகுதியை எனக்கென்று கிள்ளி வைப்பார், அந்த ருசி இன்னும் நாவில் இருக்கிறது. அதனால்தான் பிள்ளைகளின் ஆசை எனக்கு அந்நியமாகப் படவில்லை. ஆனால் நாம் தின்றோம், ஒன்றும் ஆகவில்லை என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். சுடாத மாவு பாதுகாப்பானது என்பதற்கு அது சான்று ஆகாது.

எனக்கு உதவியாக இருப்பது இன்னொரு வரிசை: மாலாடும் பயத்தம் உருண்டையும். பொட்டுக்கடலையைச் சூடான மணலில் வறுத்தெடுக்கிறார்கள், பயறை வறுக்கிறோம், பிறகுதான் திரிக்கிறோம். தானியத்தை முதலில் வறுத்து அப்புறம் மாவாக்குவது நம் வழக்கம். கோதுமை மாவில் வரிசை தலைகீழ்.

> எங்கட வீடுகளில கோதம்ப மாவைத் துணியில கட்டி அவிச்சு, அரிச்சுத்தான் இடியப்பம் புழியிறது. "அவிச்ச மா" எண்டு சொல்லுவம். அது உங்கட சொல்லுக்கு உதவுமோ?

அண்ணா, இந்த இழையிலேயே எனக்கு மிகப் பிடித்த பதில் இதுதான். மாவைத் தின்பண்டமாக்குவதற்கு முன்பே தனியாக வெப்பமூட்டி வைக்கும் பழக்கத்துக்கு யாழ்ப்பாணத் தமிழில் பெயரே இருக்கிறது, அதுவும் ஈரச் சூட்டில். வறுத்த மா, அவித்த மா என்று வழியையும் பிரித்துச் சொல்கிறீர்கள். சொற்பட்டியலில் இரண்டையும் சேர்த்துவிட்டேன். அதே நேரம், அவித்த மாவை அப்படியே குக்கீ மாவில் சேர்க்கலாம் என்று எழுத மாட்டேன். இடியப்பமும் பிட்டும் பிழிந்த பிறகு, குழைத்த பிறகு, மறுபடி ஆவியில் வேகின்றன. முதல் அவிப்பு மட்டுமே போதுமா என்று சோதித்தவர் நம்மில் யாரும் இல்லை.

இனி முதல் சொல்லுக்கு வருகிறேன். வந்தவை: "உண்ணத்தகு குக்கீ மாவு", "சுடா மாவு", "நேரடி உணவு மாவு". கடைசியானது அரசாணை போல ஒலிக்கிறது. "சுடா மாவு" சுருக்கமானது, ஆனால் சுடுவதற்காகப் பிசைந்து இன்னும் சுடாமல் வைத்திருக்கும் மாவும் சுடா மாவுதான். பிள்ளைகள் தொடக்கூடாதது எதுவோ அதற்கும் அதே பெயர் வந்துவிடும். "உண்ணத்தகு" பொருளில் சரி, ஆனால் எட்டு வயதுப் பிள்ளை வாயில் நிற்காது.

என் முன்மொழிவு: தின்மாவு. குடிநீர் என்ற சொல்லைப் பாருங்கள். குடிப்பதற்கான நீர் என்று மட்டும் அதற்குப் பொருள் இல்லை, குடித்தால் கேடில்லாத நீர் என்பதும் சேர்ந்தே வருகிறது. "இது குடிநீர் அல்ல" என்ற பலகை குழாய்க்கு மேல் இருந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. தின்பண்டம் நாக்குக்குப் பழகிய சொல். இரண்டின் அச்சிலும் தின்மாவு பொருந்துகிறது. "இது தின்மாவு அல்ல, குக்கீ சுடுவதற்கு" என்று டப்பாவில் ஒட்டினால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரியும். இலங்கை நண்பர்கள் "தின்மா" என்று வைத்துக்கொண்டாலும் பொருள் கெடாது.

"உண்மாவு" என்று ஒரு நண்பர் திருத்தம் சொன்னார். உண் என்பது மரியாதையாக ஒலிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்தில் பார்க்கும்போது "உண்மை" என்று கண் தடுமாறுகிறது. நொறுக்குத் தீனிக்குத் தின் என்பதே இயல்பு.

ஆலைச் செயல்முறையில் கிருமியைக் கொல்லும் கட்டத்துக்குக் "கொல்படி" என்று ஒருவர் எழுதியிருந்தார். கையேட்டுக்கு அது தேவைப்படவில்லை. தனி இழையாகத் தொடங்குங்கள், கலந்துகொள்கிறேன்.

சொற்கள் இப்படி நின்றால் செய்முறையையும் மாற்ற வேண்டியிருக்கிறது, மாற்றிவிட்டேன். முதல் வழி: பொதியில் வெப்பப் பதனம் செய்தது, சமைக்காமல் உண்ணலாம் என்று அச்சிட்ட மாவு 1 கோப்பை, வெண்ணெய் அரைக் கோப்பை, நாட்டுச் சர்க்கரை அரைக் கோப்பை, காய்ச்சி ஆறிய பால் 2 மேசைக்கரண்டி, சிட்டிகை உப்பு, வெனிலா, சாக்லேட் துண்டுகள். முட்டை கிடையாது, சோடா மாவும் வேண்டாம், உப்பவேண்டிய வேலை இல்லையே. அந்த மாவு கிடைக்காதவர்களுக்கு இரண்டாம் வழி: குழைய வெந்த கொண்டைக்கடலையை நீர் வடித்து, வேர்க்கடலை வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து விழுதாக அரைப்பது. கோதுமை மாவே இல்லை. என் மகள் முதலில் முகம் சுளித்தாள், சாக்லேட் சேர்த்த பிறகு கிண்ணத்தை வழித்துவிட்டாள். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகளுக்கு எள் விழுது. இரண்டையும் குளிர்பெட்டியில் மூடி வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டும். வீட்டில் வறுத்த மாவு இருக்கும் வழியைக் கையேட்டிலிருந்து முழுக்க எடுத்துவிட்டேன். நான்கு குடும்பங்கள் அப்படித்தான் செய்வோம் என்றார்கள், அவர்களிடம் நேரில் பேசியிருக்கிறேன்.

வியாழன் இரவு கையேடு அச்சுக்குப் போகிறது. தின்மாவு, வெப்பப் பதன மாவு இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். குறிப்பாக "வெப்பப் பதன" என்பதில் ஒற்று மிகுவது பற்றி இலக்கணம் அறிந்த ஐயா ஒருவர் ஒரு வரி சொன்னால் நிம்மதியாக அனுப்புவேன்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து