பளபளக்கும் முடிச்சுக் கயிறு

கதிர்: (புகைப்படம்) மாமா, மரம் ஏறும் பெரிய கயிற்றைச் சுற்றிக் கவ்வும் முடிச்சைப் போடுகிற சிறுகயிறு இது. நாளை காலை வேலைக்குத் தாங்குமா?

மாமா: பளபளக்கிற இடத்தை மடக்கிப் பார். மடங்குகிறதா?

கதிர்: இல்லை, அந்த இடம் மட்டும் விறைத்து நிற்கிறது.

மாமா: இழை உருகி உறைந்திருக்கிறது. சர்ரென்று வேகமாக இறங்கினாயா?

கதிர்: மழை பிடித்துக்கொண்டது மாமா.

மாமா: நனைந்தால் காய வைக்கலாம். உருகியதை என்ன செய்வாய்?

யாழினி: கயிறு உருகுமா? 😳

மாமா: நைலான் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரிக்குள் உருகிவிடும். டைனீமா என்கிற பாலிஎத்திலீன் இழை 150 டிகிரியைக்கூடத் தாங்காது. இறங்கும்போது பெரிய கயிற்றில் உரசும் இடம் மாறிக்கொண்டே வரும். முடிச்சிலோ அதே சில அங்குலம்தான் மொத்தச் சூட்டையும் வாங்குகிறது. அதனால்தான் முடிச்சுக் கயிற்றில் உருகாத அராமிட் இழையைச் சேர்க்கிறார்கள்.

அம்மா: அண்ணா, இவன் மரமே ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாமா: அதை நான் சொல்லி அவன் கேட்டுவிடுவானா!

கதிர்: கெட்ட இடத்தை வெட்டிவிட்டு மீதியில் புருசிக், அதே கவ்வும் முடிச்சு, போடலாமா?

மாமா: கூடாது. நீளம் குறைந்தால் சுற்று குறையும், சுற்று குறைந்தால் பிடி போய்விடும். மீதியிலும் எவ்வளவு சூடு ஏறியது என்று யாருக்குத் தெரியும்? புதிதாக வாங்கு. பெரிய கயிற்றைவிடச் சற்று மெல்லியதாக இருக்கட்டும், அப்போதுதான் கவ்வும். மிகவும் மெலிந்தால் இறுகிக்கொண்டு நகராது. புதுக் கயிறு முதலில் வழுக்கவும் செய்யும். முழங்கால் உயரத்திலேயே முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்துவிட்டு மேலே போ.

யாழினி: மாமா, பெரிய கயிற்றைச் சங்கிலி ரம்பத்தோடு ஒரே பெட்டியில்தான் வைக்கிறான்.

கதிர்: அக்கா!!

மாமா: இன்றே தனிப் பையில் மாற்று. பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் நாற்றத்திலாவது தெரிந்துவிடும். பேட்டரி அமிலம் பட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, கயிறு உள்ளுக்குள் செத்திருக்கும்.

அம்மா: அழுக்காகத்தான் இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் போட்டு ஊற வைக்கட்டுமா?

மாமா: ஐயோ, தொடாதே! மிதமான சோப்பு, வெதுவெதுப்பான நீர், நிழலில் உலர்த்தல், அவ்வளவுதான். காய்ந்ததும் கதிரே வெறுங்கையால் முழு நீளத்தையும் உருவிப் பார்க்கட்டும். எங்காவது தட்டையாகவோ, புடைப்பாகவோ, உள்ளே வெற்றிடம் போலவோ தட்டுப்பட்டால் எனக்குப் படம் அனுப்பு.

கதிர்: சரி மாமா. நாளைய வேலையை மறுநாளுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். பழைய சிறுகயிறு கிடக்கட்டுமா?

மாமா: துண்டு துண்டாக நறுக்கிப் போடு. முழுசாகக் கிடந்தால் அவசரத்தில் கை அதன்மேல்தான் போகும்.

அம்மா: நறுக்காதே, துணிக்கொடி கட்ட வேண்டும்.

மாமா: முழ நீளத்துக்கு மேல் கொடுக்காதே கதிர்.

அம்மா: ஒரு முழத்தில் என்ன கொடி கட்டுவது? கைக்குட்டை காயப் போடவா?