வீடே இல்லாத அகழிக்கு எதற்குச் சட்டப் பாதுகாப்பு?

ஏர்முனை:
இங்கிலாந்தில் சஃபோக், எசெக்ஸ் பக்கம் வயல் நடுவே சதுரமாக ஒரு பள்ளம் தெரியும். வீட்டைச் சுற்றி வெட்டிய அகழி அது. உள்ளே இருந்த பண்ணைவீடு இடிந்து பல நூற்றாண்டு ஆகியிருக்கும். அது பாதுகாக்கப்பட்ட தொல்சின்னமாகப் பட்டியலில் ஏறிவிட்டால், 1979 சட்டப்படி அனுமதி இல்லாமல் தூர்க்கவும் கூடாது, தூர்வாரவும் கூடாது. நான் வேலை செய்யும் பண்ணையிலும் ஒன்று இருக்கிறது. பார்க்க ஒன்றுமே இல்லாத இடத்துக்கு இத்தனை கெடுபிடி தேவையா?

அகழ்வான்:
பார்க்க ஒன்றுமில்லை, சரி. இருப்பதெல்லாம் சேற்றுக்குள் அல்லவா? காற்றுப் புகாத ஈரச் சேற்றில் தோல் செருப்பு, மரக்கிண்ணம், விதை, மகரந்தம் எல்லாம் எழுநூறு ஆண்டானாலும் மக்காமல் கிடக்கும். மேட்டில் தோண்டினால் பெரும்பாலும் மண்பாண்ட ஓடும் எலும்பும்தான். அந்த வீட்டார் என்ன சாப்பிட்டார்கள், சுற்றி என்ன மரம் நின்றது என்பதை அந்தச் சேறுதான் சொல்லும்.

ஏர்முனை:
இங்கிலாந்தில் இப்படி ஏறத்தாழ 6,000 இடங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் 1250க்கும் 1350க்கும் இடையே வெட்டியவை, அதுவும் போருக்கு அல்ல, அந்தஸ்து காட்டத்தான். நல்லதாகப் பத்தைப் பொறுக்கி வைத்துக்கொண்டால் போதாதா? பேட்ஸ்லி கிளின்டன் மாதிரி வீடு நிற்கிற இடமே இருக்கிறதே.

அகழ்வான்:
போதாது. ஆள் குடியிருக்கும் வீட்டு அகழியைத் தூர்வாரிக்கொண்டே இருப்பார்கள், பழைய சேறு மிஞ்சுவது அரிது. கைவிட்ட இடத்தில்தான் அது அப்படியே கிடக்கும். பிரபுக்கள் மட்டும் வெட்டவில்லை. கொஞ்சம் வசதி வந்த குடியானவரும் அவர்களைப் பார்த்து வெட்டிக்கொண்டார். பத்து மாளிகையை வைத்துக்கொண்டு இந்தக் குடியானவர் கதையை எப்படி எழுதுவது? அப்புறம், ஆறாயிரமும் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்கும் இடத்திலும், ஏற்கெனவே உழுதுவந்த நிலத்தை அதே ஆழத்துக்குத் தொடர்ந்து உழலாம் என்று சட்டமே விட்டுவைத்திருக்கிறது. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

நீரோட்டம்:
இருவரும் உழவைப் பற்றியே பேசுகிறீர்கள். சட்டம் காப்பது வரைபடத்தில் போட்ட எல்லைக்குள் மட்டும். பக்கத்து வயலில் ஆழமாக வடிகால் வெட்டினால் நீர்மட்டம் இறங்கும். சேறு காயும், காற்று புகும், தோலும் மரமும் மக்கிவிடும். அகழியை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

ஏர்முனை:
இதை நான் யோசிக்கவில்லை. எங்கள் அகழியை ஒட்டியே ஒரு வடிகால் போகிறது. ஆனால் இந்தக் களிமண்ணில் வடிகால் இல்லாவிட்டால் கோதுமை வேர் அழுகிவிடும். தொல்லிடத்தை உழாமல் புல்லாக விட்டால் மானியம் உண்டு, தெரியும். பக்கத்து வயலில் விளைச்சல் போனால் யார் தருவார்? அதற்கு ஒரு வழி சொல்லுங்கள், முதலாளியிடம் நானே பேசுகிறேன்.