ஸ்டாண்டர்டு ஹெரால்டு: கிளட்சை மிதித்தால் இன்ஜின் அமுங்குகிறது, உதவுங்கள்

கோவை_ஹெரால்டு:
வணக்கம். என்னிடம் இருப்பது 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 சிசி. அப்பாவின் வண்டி. அவர் போன பிறகு ஆறு வருடமாக நான் ஓட்டுகிறேன். இரண்டு மாதமாக ஒரு தொல்லை. சிக்னலில் நின்று கிளட்சை மிதித்தால் ஐடிலிங் அமுங்குகிறது, சில நேரம் இன்ஜினே நின்றுவிடுகிறது. காலை எடுத்தால் சரியாகிவிடுகிறது. பட்டறையில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினார்கள். ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. இப்போது பெடலை மிதிக்கும்போது அடியில் ‘டக்’ என்று சத்தமும் வருகிறது. கார்புரேட்டர், பாயிண்ட், டைமிங் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அடுத்து கியர் பாக்ஸை இறக்கச் சொல்கிறார்கள். இறக்கலாமா?

நெல்லை_பத்மினி:
என் பத்மினி காரில் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் நைந்துபோய் இதே மாதிரி ‘டக்’ சத்தம் வந்தது. முதலில் அதைப் பாருங்கள், செலவு குறைவு.

பழைய_லேத்:
கோவைத் தம்பி, இதைப் படித்ததும் சாவியைக் கழற்றி வையுங்கள். வண்டியை இனி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மவுண்டிங் ரப்பர் போனால் சத்தம் வரும், ஆனால் கிளட்சை மிதித்தவுடன் இன்ஜின் அமுங்காது. நீங்கள் சொல்வது த்ரஸ்ட் வாஷர் (கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் வளையம்) தேய்ந்ததற்கான அறிகுறி.

இந்த இன்ஜினில் கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை, தாங்குவது மூன்று மெயின் பேரிங். கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் முன்பக்கம் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது கடைசி மெயின் பேரிங்கின் முன்னும் பின்னும் உட்கார்ந்திருக்கும் இரண்டு அரைவட்ட வாஷர்கள்தான். முழு வட்டம்கூட இல்லை, அரை வட்டம். பின்பக்க வாஷர்தான் சுமையை வாங்கும், அதனால் அதுதான் முதலில் தேயும். ரொம்பத் தேய்ந்தால் நழுவி ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும். அப்புறம் கிராங்கின் முகம் நேராக பிளாக்கில் உரசும். பிளாக் போய்விட்டால் ஹெரால்டுக்கு இன்னொன்று தேடி அலைய வேண்டும்.

சோதிப்பது எளிது. பானட்டை முன்னால் சாய்த்துத் திறந்து, டயர் மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள் (இந்த வசதி வேறு எந்தக் காரில் உண்டு!). வீட்டில் ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். டயல் கேஜ் (சின்ன அசைவை அளக்கும் கருவி) வைத்து அளந்தால் இந்த ஆட்டம் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கலாம்.

கோவை_ஹெரால்டு:
அண்ணா, மகளை மிதிக்கச் சொன்னேன். புல்லி நன்றாகவே நகர்கிறது. கேஜ் கடன் வாங்கி அளந்தேன்: 0.9 மி.மீ. ஆயிலை வடித்தால் வெள்ளிப்பொடி போல மினுமினுப்பு, காந்தத்திலும் கொஞ்சம் ஒட்டுகிறது. மனசே சரியில்லை. வாஷர் விழுந்துவிட்டதா?

பழைய_லேத்:
விழவில்லை என்றே நினைக்கிறேன். வாஷரின் கனமே சுமார் 2.3 மி.மீ. விழுந்திருந்தால் ஆட்டம் அதையும் தாண்டியிருக்கும். ஆனால் வாஷரின் மேல்பூச்சான வெள்ளை உலோகம் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டுகிறது என்றால் அந்தப் பூச்சு தீர்ந்து உள்ளே இருக்கும் எஃகும் தேயத் தொடங்கிவிட்டது. சரியான நேரத்தில் நிறுத்தினீர்கள்.

இன்ஜினை இறக்க வேண்டாம். கியர் பாக்ஸும் அப்படியே இருக்கட்டும். சம்ப்பைக் கழற்றி, கடைசி மெயின் பேரிங்கின் கேப்பை (மூடியை) மட்டும் எடுங்கள். பழைய வாஷரை மெல்லிய தகடால் தள்ளிச் சுழற்றினால் வெளியே வரும். புதியதைப் போடும்போது பள்ளக்கோடு உள்ள பக்கம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டவர்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் மறுபடி சம்ப்பைக் கழற்றினார்கள். இன்னொன்று: சம்ப்பின் முன்பக்க போல்ட்டுகள் இறங்குவது அலுமினியக் கட்டையில். கை பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

சேலம்_கெஸல்:
இங்கிலாந்தில் நம் வண்டியின் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டுக்கும், அதே வகை இன்ஜின் உள்ள ஸ்பிட்ஃபயருக்கும் பாகம் விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வாஷரில் ஸ்டாண்டர்டு அளவோடு ஓவர்சைஸும் (கொஞ்சம் கனம் கூடியது) ஒரு செட் வாங்கிவிடுங்கள், கூரியர் செலவு ஒன்றுதான். அப்புறம், பட்டறையில் போட்ட பிரஷர் பிளேட் இந்த வண்டிக்கு உரியதுதானா? பெடல் முன்பைவிடக் கனமா? ஸ்பிரிங் கடினமாக இருந்தால் புது வாஷரையும் தின்றுவிடும்.

கோவை_ஹெரால்டு:
ஆமாம், கனம்தான்! புது கிளட்ச் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

(ஐந்து வாரத்துக்குப் பிறகு)

கோவை_ஹெரால்டு:
வேலை முடிந்தது. பின்பக்க வாஷர் கைக்கு வந்தபோது நன்றாகத் தேய்ந்து மெலிந்திருந்தது. கிராங்க் முகத்தில் லேசான கோடுகள் மட்டும், பிளாக்கில் கீறலே இல்லை. ஸ்டாண்டர்டு வாஷர் இரண்டும் போட்டுப் பார்த்தேன், 0.30 மி.மீ. ஆட்டம் இருந்தது. பின்பக்கத்துக்கு 0.13 மி.மீ. கூடுதல் கனமுள்ள ஓவர்சைஸ் போட்டதும் 0.17க்கு வந்தது. பழைய பிரஷர் பிளேட்டைப் பட்டறையிலிருந்து திரும்ப வாங்கினேன். ஸ்பிரிங்குகள் நன்றாகவே இருந்தன. அதற்காக மட்டும் கியர் பாக்ஸை இறக்கி அதையே மாட்டிவிட்டோம். பெடல் அப்பா காலத்து மாதிரி லேசாகிவிட்டது.

நேற்று மருதமலை அடிவாரம் வரை போய்வந்தேன். சிக்னலில் இப்போது நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிடுகிறேன். பழைய_லேத் அண்ணா, நீங்கள் நிறுத்தச் சொல்லாவிட்டால் மறுநாளே வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போயிருப்பேன். நன்றி.

பழைய_லேத்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றி, ஆட்டத்தை மறுபடி அளந்து இங்கே எழுதுங்கள்.