ஆங்கில நூலைத் தமிழில் எழுதினால் அது நம்ம வசனமா?

ஹட்டன்_பொடியன்: கெம்பஸ் கடைசி வருஷம். ஆய்வுக்கட்டுரை மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பற்றி. மூலநூல்கள் முக்கால்வாசி ஆங்கிலம். பந்தி பந்தியா நானே தமிழாக்கினேன், ஒவ்வொரு பந்தி முடிவிலும் ஆசிரியர் பெயர், வருஷம் போட்டிருக்கேன். எழுத்துக் களவைக் கண்டுபிடிக்கிற டேர்னிட்டின் மென்பொருள்ல 6 வீதம்தான் ஒத்துப்போகுதுன்னு காட்டுது. ஆனாலும் மேற்பார்வையாளர் "இது உங்க எழுத்து இல்ல"ன்னு திருப்பித் தந்துட்டார். இதுல என்ன பிழை?

கொத்மலைக்காரி: டேர்னிட்டின் எழுத்து ஒத்துப்போகுதான்னு பார்க்குது தம்பி, யோசிச்சது யாருன்னு அதுக்குத் தெரியாது. எதை முதல்ல சொல்றது, எந்த உதாரணம், எங்க முடிக்கிறதுன்னு எல்லாமே அந்த ஆசிரியர் தீர்மானிச்சது. நீங்க மொழியை மட்டும்தான் மாத்தியிருக்கீங்க.

பதுளை_ராசா: இது அநியாயம் அக்கா. தோட்ட வரலாறு பத்தித் தமிழ்ல எத்தனை நல்ல நூல் இருக்கு? ஆங்கிலத்துல இருக்கிறதைத் தமிழ்ல கொண்டுவர்றதே பெரிய வேலை. அதோட, இந்தியாவும் இலங்கையும் மலையகத் தமிழரைப் பத்திச் செஞ்ச 1964 ஒப்பந்தத்துல 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. இதை வேற எப்படித்தான் எழுதுறது?

கொத்மலைக்காரி: அதை மாத்தச் சொல்லவே இல்லையே! எண், சட்டத்தின் பெயர், ஆண்டு எல்லாம் அப்படியே இருக்கணும். மாத்தக்கூடாததை மாத்துறதுதான் ஆபத்து. ஒத்த சொல் தேடப் போய் "நாடற்றவர்"க்குப் பதிலா "அகதி"ன்னு எழுதுறாங்க. இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால பிரஜாவுரிமை இல்லாமப் போனவங்க எங்கிருந்தும் ஓடி வந்தவங்க இல்ல, தோட்டத்து லயத்து வரிசை வீடுகள்லேயே இருந்தவங்க. ஒரு சொல்லுல வரலாறே பிழையாகுது.

புத்தகத்தை மூடி வச்சிட்டு, "இதுல என் கேள்விக்கு என்ன இருக்கு?"ன்னு யோசிச்சு எழுதுங்க. பிறகு திறந்து சரிபாருங்க. ஆசிரியர் ஒப்பந்தங்களை வரிசையா சொல்லியிருப்பார். உங்க கேள்வி காத்திருப்பு பத்தினதுன்னா இப்படி வரும்: "1964இல் 150,000 பேரின் முடிவு தள்ளிவைக்கப்பட்டது. 1974இல்தான் அவர்களை இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இடைப்பட்ட பத்தாண்டுகள் அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை." முதல் ரெண்டு வசனத்துக்கும் உசாத்துணை போடுங்க. மூணாவது உங்க வாதம்.

லயத்துப்பேச்சு: நடுவுல ஒண்ணு. நேர்காணல்ல ஒரு அம்மாயி சொன்னதை ஏட்டுத் தமிழாக்கிறதையும் கொஞ்சம் பேசுங்க. "பேர் பதியாம விட்டுட்டாங்க"ன்னு அவங்க சொன்னது கட்டுரையில "பதிவு செய்யப்படவில்லை" ஆகிடுது. விட்டது யாருங்கிறதே காணாமப் போகுது.

பதுளை_ராசா: அதை ஒத்துக்கிறேன், அவங்க பேச்சை மேற்கோளாவே போடணும். ஆனா நூலுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? "தமிழாக்கம் என்னுடையது"ன்னு கீழே போட்டுட்டா நேர்மைதானே?

கொத்மலைக்காரி: நேர்மைதான். அப்ப முழுப் பந்தியையும் மேற்கோளா உள்தள்ளிப் போடணும்.

பதுளை_ராசா: அப்படிப் போட்டா கட்டுரை பூரா மேற்கோளாத்தானே நிற்கும்!

கொத்மலைக்காரி: அதைத்தான் ராசா அந்த மேற்பார்வையாளரும் சொல்லியிருக்கார்.