பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை பார்க்கப் போகிறோம், வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். ஜனவரியில் அம்மாவுடன் பழவேற்காடு ஏரிக்குப் போக எண்ணம். அம்மாவுக்கு மூட்டுவலி, சேற்றிலும் மணலிலும் நடக்க முடியாது. படகென்றால் எனக்கே பயம். அதனால் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் சூலூர்ப்பேட்டை போய், ஏரியின் குறுக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலையிலிருந்தே பூநாரைகளைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அந்தச் சாலையில் ஆட்டோவை ஓரமாக நிறுத்திப் பார்க்க விடுவார்களா? அங்கே ராக்கெட் தளம் இருப்பதால் கேட்கிறேன். காலை வெயில் நேரே கண்ணில் அடிக்குமே, மாலையில் போவது நல்லதா? அப்படியே நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தில் கூடு கட்டியிருக்கும் கூழைக்கடாக்களையும் அதே நாளில் பார்த்துவிட முடியுமா? அங்குள்ள பார்வைக் கோபுரத்தில் படிகள் அதிகமா? சமீபத்தில் பெரியவர்களை அழைத்துப் போனவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கழிப்பறை வசதி பற்றியும் மறக்காமல் எழுதுங்கள். அதை யாருமே எழுதுவதில்லை.