குடும்பக் குரூப்பில லண்டன் கடைக் கணக்கு

30 மார்ச் 2025, ஞாயிறு இரவு

பெரியண்ணா: மதர்ஸ் டே எண்டு நாப்பது பூக்கட்டு எடுத்தன், பதினெட்டு இன்னும் வாளிக்கதான் நிக்குது. சனம் வருது, பூவைப் பாக்குது, விலையைப் பாக்குது, பாணும் பாலும் வாங்கிக்கொண்டு போகுது. இந்த லட்சணத்தில வாற ஞாயிறு தொடக்கம் வேலைக்காரருக்காக நாங்கள் அரசாங்கத்துக்குக் கட்டுற என்.ஐ.யும் (நேஷனல் இன்சூரன்ஸ்) கூடுது

அம்மா: மிச்சப் பூவைக் கோயிலுக்குக் குடு ராசா 🙏

தம்பி: 13.8 வீதத்தில இருந்து 15 தானே அண்ணா, அதுக்கோ இவ்வளவு ஒப்பாரி 😂

பெரியண்ணா: உனக்கென்ன, மாசச் சம்பளக்காரன். வீதத்தை விடு, அந்தக் கோடுதான் கொல்லுது. முந்தி ஒராளின்ர வருசச் சம்பளம் 9,100 பவுண்ட்ஸ் தாண்டினாத்தான் முதலாளி கட்டவேணும், இனி 5,000 இலயே தொடங்குது. பின்னேரத்துக்கு வாற ஆறு பேருக்கும் கிழமைக்கு 14 மணித்தியாலம் எண்டு அளந்து குடுத்ததே அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்கத்தான், அவைக்கு இதுவரைக்கும் ஒரு சதம் கட்டேல்ல

மச்சாள் அக்கவுண்டன்: இனி ஆளுக்கு வருசம் 583 கிட்ட வரும் அத்தான். மணித்தியாலத்துக்கு 12.21 சம்பளத்தில கிழமைக்கு 40 மணித்தியாலம் செய்யிற ஆளுக்கு 3,060. ஆனா ஒரு முதலாளிக்கு வருச என்.ஐ.யில கழிக்கிற சலுகையையும் 5,000 இலயிருந்து 10,500 ஆக்கினவை, அதைக் கழிக்கலாம்

சின்ன மாமா: எனக்கு மூண்டு பேர்தான், மூண்டும் முழுநேரம்

மச்சாள் அக்கவுண்டன்: அப்ப உங்களுக்குப் பூச்சியம் மாமா. போன வருசம் கட்டின ஆயிரத்துச் சொச்சமும் இல்லை

சின்ன மாமா: 💃💃💃

பெரியண்ணா: எனக்கு ரெண்டு கடைக்கும் ரெண்டு கொம்பனி, அப்ப ரெண்டு தரம் கழிக்கலாம் என்ன?

மச்சாள் அக்கவுண்டன்: ரெண்டும் உங்கட கையிலதானே, ஒருக்காத்தான் கழிக்க விடுவாங்கள். அஞ்சு முழுநேரம் ஆறு பாதிநேரத்துக்கு இப்ப 5,140 கட்டுறீங்கள், இனி 8,300 வரும். உண்மையைச் சொன்னா உங்களுக்குப் பெரிய அடி என்.ஐ. இல்லை, ஆகக் குறைஞ்ச மணித்தியாலச் சம்பளத்தை 11.44 இலயிருந்து 12.21 ஆக்கினதுதான், அது மட்டும் 11,000 தாண்டுது. கடை வரிச் சலுகையும் 75 வீதத்தில இருந்து 40 ஆகுது

பெரியண்ணா: நெஞ்சு நோகுது

தங்கச்சி நர்ஸ்: எங்கட வார்ட்டில நேத்து ஆறு பேர் செய்யிற வேலையை நாலு பேர் செய்தம். காசு எங்கயாவது இருந்து வரத்தானே வேணும்

பெரியண்ணா: வரட்டும் பிள்ளை, லாபத்தில எடுக்கட்டும். நட்டம் வந்தாலும் ஆள் வச்சிருக்கிறதுக்குக் கட்டு எண்டா எப்பிடி. வேலை செய்யிற சனத்துக்குக் கூட்டமாட்டம் எண்டுதானே லேபர் கட்சி வோட்டுக் கேட்டது

தம்பி: உங்கட பங்குதானே கூடினது, வேலைக்காரர்ட பங்கு கூடேல்லயே

பெரியண்ணா: ரெண்டும் ஒரே கல்லாப்பெட்டிக்க இருந்துதானடா போகுது. அடுத்த வருசம் சம்பளம் கூட்டிக் கேட்டா எங்க இருந்து குடுக்கிறது

யாழ்ப்பாணம் சித்தப்பா: இஞ்சயும் வேலைக்காரர்ட சேமலாப நிதி ஈ.பி.எஃப்.க்கு 12 வீதம், நம்பிக்கை நிதி ஈ.ரி.எஃப்.க்கு 3 வீதம் முதலாளிதான் கட்டுறது. ஆனா அது அந்தப் பெடியன்ர பேரில சேரும், அவன் பிறகு எடுப்பான். உங்கட காசு ஆருக்குப் போகுது?

தம்பி: அரசாங்கத்துக்கு சித்தப்பா 😄

மச்சாள் அக்கவுண்டன்: 21 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளுக்கு முதலாளி பங்கு இல்லை அத்தான், 50,270 வரைக்கும். 18 இலயிருந்து 20 வயசு வரைக்கும் ஆகக் குறைஞ்ச சம்பளமும் மணித்தியாலத்துக்கு 10 பவுண்ட்ஸ்தான்

தம்பி: அப்ப என்ர மகளை எடுங்கோ

பெரியண்ணா: அவள் வந்தா சொக்லேட் ராக்கைக்குக் காவல் போடவேணும். பகிடியை விடு, அப்பிடி எடுத்தா பின்னேரம் கல்லாவில நிக்கிற அன்ரியைத்தான் நிப்பாட்ட வரும்

அம்மா: அவதானே எனக்கு மீன் துப்புரவாக்கித் தாறவ. அவவைத் தொடாத

பெரியண்ணா: தொடேல்ல அம்மா. ரெண்டாங் கடையை ஞாயிறில ஆறு மணிக்கே பூட்டப்போறன், ஆறுக்குப் பிறகு அங்க லைட்டும் நானும்தான் நிக்கிறம்

பெரியண்ணா: பூ கட்டு 2 பவுண்ட்ஸ். ஹரோ பக்கம் ஆர் வாறீங்கள்?