மறு: 'டேர்டவுன்' தமிழில் - 'துப்புரவு' போதுமா?

> 'துப்புரவு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. நிரலைச் சோதிக்கும் முன் வேண்டியதைத் தயார் செய்வது செட்டப், சோதித்த பின் அதையெல்லாம் மூடித் திருப்பிவிடுவது டேர்டவுன்; அதற்குத் 'துப்புரவு' என்றால் புரியும்தான். ஆனால் குப்பை இருந்தால்தானே துப்புரவு? சோதனை திறந்த கோப்பும் தரவுத்தள இணைப்பும் குப்பையா என்ன, இரவல் வாங்கியவை. 'தகர்ப்பு' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதில் சுவர் இடிக்கிற சத்தம்தான் கேட்கிறது.

இங்கே மொரிஷியசில் தைப்பூசக் காவடி முடிந்ததும் கோயில் வாசலில் பந்தல் பிரிப்போம். கம்பம் நட்டு அப்புறம் துணி கட்டியிருப்போம். பிரிக்கும்போது துணி முதலில், கம்பம் கடைசியில். தை மாதம் இங்கே புயல் காலம். பூசை பாதியில் நின்றாலும் வாடகைக் கம்பம் திரும்பிப் போய்த்தான் ஆகவேண்டும். பைத்தான் மொழியோடு வரும் சோதனை நூலகம் யூனிட்டெஸ்ட்; அதில் பைத்தான் 3.1 பதிப்பில் வந்த ஆட்கிளீனப் இதேதான்: அதில் பதிவு செய்த மூடும் வேலைகள், பதிவு செய்த வரிசைக்குத் தலைகீழாக ஓடும், சோதனை தோற்றாலும் ஓடும், செட்டப்பே நடுவழியில் விழுந்தாலும் ஓடும். டேர்டவுன் அப்படி இல்லை. செட்டப் விழுந்தால் அதைக் கூப்பிடுவாரில்லை.

பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இங்கே எபென் நகரில் வேலை பார்த்தபோது என் செட்டப்பில் முதல் வரி தற்காலிகக் கோப்புறை, இரண்டாம் வரி தரவுத்தள இணைப்பு. ஒரு வெள்ளி இரவு தரவுத்தளம் படுத்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சோதனை. ஓடும்போதெல்லாம் ஒரு கோப்புறை மிச்சம். திங்கள் காலை சர்வரில் இடமே இல்லை. அழிக்கும் வரியை டேர்டவுனில் பத்திரமாக எழுதி வைத்திருந்தேன், பாருங்கள்.

அதனால் 'பிரிப்பு' என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ஸ்பிளிட்டுக்கும் அதையே எழுதுவோம், குழப்பும். 'விடுவிப்பு' நினைவகத்தோடு ஒட்டிக்கொண்டது. சரி, 'ஒப்படைப்பு' எப்படி? செட்டப்புக்கு ஏற்பாடு, டேர்டவுனுக்கு ஒப்படைப்பு என்று ஜோடி சேர்கிறது. வினையும் சிரமமில்லாமல் வருகிறது: 'கோப்பை ஒப்படை', 'ஒப்படைக்காத இணைப்பு'. நிரல் குறிப்பு ஒன்றில் எழுதிப் பார்த்தேன்: 'வாங்கிய வரிக்கு அடுத்த வரியிலேயே ஒப்படைப்பைப் பதிவு செய்.' உறுத்தவில்லை. இலங்கை நண்பர்களுக்கு ஒப்படை என்றதும் பள்ளிக்கூட அசைன்மென்ட் ஞாபகம் வரும். பரவாயில்லை, அதையும் தேதிக்குள் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஒரே சிக்கல்: சோதனைக்காக அட்டவணையில் சேர்த்த பொய்ப் பதிவுகளை அழிப்பது ஒப்படைப்பில் வராது. அதற்கு உங்கள் 'துப்புரவை'யே வைத்துக்கொள்ளலாம் ஐயா. அது நிஜமாகவே குப்பை.